கரியா, வாயுவா? வீட்டில் வாட்டும் அடுப்பைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

தமிழில் ‘அடு’ என்னும் சொல்லுக்குச் சமைத்தல் என்பது ஒரு பொருள். அடுப்பும் அடுக்களையும் அடிசிலும் அச்சொல்லின் வழி வந்தவை. கன்னடத்தார் சமையலை ‘அடுகெ’ என்று வழங்குவதும் அந்த உறவையே காட்டும். பெங்களூரில் நான் குடியிருக்கும் பகுதியைத் தமிழர் அடுகோடி என்று எழுதுவதால், இவ்வூருக்கும் அடுப்புக்கும் ஏதோ தொடர்பு உண்டு போலும் எனப் புதிதாக வருவோர் எண்ணுவது உண்டு. கன்னடத்தில் அப்பெயர் நெடிலில் தொடங்குவது. ஆதலின் அந்த எண்ணத்திற்கு இடமில்லை. எனினும் அடுப்பைப் பற்றி எழுதப் புகும்போது அப்பெயரைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் மன்றத்து நண்பர்கள் சிலர் அண்மையில் என்னிடம் ஒரே வினாவைக் கேட்டு வருகின்றனர். கோழியோ மீனோ பன்னீரோ சோளக்கதிரோ வீட்டிலேயே வாட்டி உண்பதற்குப் பார்பிக்யூ அடுப்பு ஒன்று வாங்க விரும்புகின்றனர். கரியடுப்பு வாங்குவதா, எரிவாயு அடுப்பு வாங்குவதா? வேதியியல் படிப்பவன் என்பதால் என்னைக் கேட்கின்றனர். அவர்களுடைய விவாதம் பெரும்பாலும் சுவையைப் பற்றியதாகவே இருக்கிறது. கரியில் வாட்டினால்தான் மணம் என்பார் ஒருவர். அதெல்லாம் பழக்கத்தால் வந்த மயக்கம் என்பார் மற்றொருவர். சுவையைப் பற்றிப் பேசுவது தவறன்று. ஆனால் அடுப்பை வாங்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, அது வீட்டில் எந்த இடத்தில் நிற்கப் போகிறது என்பதே. இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தணலில் வாட்டும் வழக்கம் நமக்குப் புதியதன்று. கரிகாற் பெருவளத்தானைப் பாடிய பொருநராற்றுப்படையில், இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியை அம்மன்னன் பொருநர்க்கு விருந்தாக அளித்த செய்தி உள்ளது. தீயால் கால் கரிந்தமையால் கரிகாலன் எனப் பெயர் பெற்றான் என்று சொல்லப்படும் மன்னனின் விருந்திலே சூட்டிறைச்சி வருவது ஒரு சுவையான பொருத்தம். பிற்காலத்தில் நம் வீடுகளில் இருந்த குமுட்டி அடுப்பு கரியடுப்பே அன்றோ? அப்பளமும் கத்தரிக்காயும் சுட்டது அதில்தான். இன்றும் பெங்களூர்த் தெருக்களில் சோளக்கதிர் விற்போர் சிறு கரியடுப்பை வைத்து விசிறிக்கொண்டிருப்பதைக் காணலாம். இப்போது கடைகளில் விற்கும் பார்பிக்யூ அடுப்போ வேறு வழியில் வந்தது. மூடியோடு கூடிய உருண்டை வடிவக் கரியடுப்பை 1952-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர் செய்தார். அவர் வேலை செய்த வெபர் சகோதரர் இரும்புப் பட்டறையில், நீரில் மிதக்கும் மிதவைகளுக்காக அடித்த அரைக்கோளத் தகடுகளையே அதற்குப் பயன்படுத்தினார். அவ்வடுப்பு நின்றது விரிந்த புல்வெளியுள்ள அமெரிக்க வீட்டின் பின்புறத்தில் என்பதை நாம் நினைவில் வைத்தல் வேண்டும். புல்வெளி இல்லாத ஊருக்கு அடுப்பு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் கரியைக் காண்போம். விறகை அடுக்கி, காற்றுப் புகாதபடி மண்ணால் மூடி, உள்ளே தீயிட்டால் முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. பின்னர் மரத்திலுள்ள பலவகைப் பொருள்கள் சிதைந்து புகையாக வெளியேறுகின்றன. எஞ்சுவது பெரும்பாலும் கார்பன். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் இதனைக் கரிமூட்டம் என்பர். மூட்டத்திற்கு அங்கே பெரிதும் பயன்படுவது சீமைக்கருவேல மரம். 1877 அளவில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அம்மரம் கண்மாய்களையும் வயல்களையும் சூழ்ந்து பரவிவிட்டது. அதை வேரோடு களைய வேண்டும் என்று வழக்குமன்றம் வரை சென்றனர். அதே மரம் மழை பொய்த்த ஆண்டுகளில் வானம் பார்த்த பூமியின் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றியது என்பதும் உண்மை. கரிமூட்டத்தருகே நின்று பார்த்தவர்கள் அம்மரத்தை முழுதும் வெறுத்துப் பேச மாட்டார்கள்.

மற்றொரு வகை தேங்காய்ச் சிரட்டைக் கரி. பொள்ளாச்சி, காங்கேயம் வட்டாரங்களில் இதனைச் செய்கின்றனர். பொடித்த கரியை மாவுப் பசையோடு சேர்த்து அச்சில் அழுத்திய கரிக்கட்டிகளும் கடைகளில் கிடைக்கின்றன. இவ்வகைக் கட்டிகளை 1920-களில் பேரளவில் செய்து விற்றவர் மோட்டார்க் கார் செய்த ஹென்றி ஃபோர்டு. காருக்கு மரச்சட்டம் அறுத்ததில் விழுந்த கழிவு அவருக்குக் கரியாயிற்று. கட்டிகள் ஒரே அளவாக இருப்பதால் நெடுநேரம் சீராக எரியும். ஆனால் சாம்பல் மிகுதி. மரக்கரி விரைவில் பற்றும், விரைவில் தணியும்.

நல்ல கரியை அறிவது எளிது. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஒடித்த இடம் கறுத்துப் பளபளக்க வேண்டும். உட்புறம் பழுப்பாக இருந்தால் அது மூட்டத்தில் முழுதும் வேகாத கரி, புகையும். நம் பெங்களூர்த் தமிழர் ‘சௌதே டிப்போ’ என்று கன்னடச் சொல்லாலேயே வழங்கும் விறகுக் கடைகளில் கரி வாங்குவோர், மூட்டையின் அடியிலிருந்து ஒரு கை அள்ளிப் பார்த்தே வாங்குதல் நன்று. மேலே பெருந்துண்டும் அடியில் தூளும் இருப்பது அக்கடைகளின் பழைய வழக்கம்.

இனி எரிவாயு. சிலிண்டரில் அடைத்து வருவது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை, அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்டது. 1965-இல் இண்டேன் என்ற பெயரில் இந்தியன் ஆயில் நிறுவனம் இதனை வீடுகளுக்கு வழங்கத் தொடங்கிற்று. வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ வாயு இருக்கும். 5 கிலோ சிறு சிலிண்டரும் உண்டு. இவை தவிர, தாபோலிலிருந்து பெங்களூர் வரை 2013-இல் அமைந்த பெருங்குழாய் வழியாக இயற்கை வாயு வந்து, நகரின் பல தெருக்களில் வீட்டுக் குழாயிலேயே வாயு எரிகிறது. இது பெரும்பாலும் மீத்தேன்.

ஒரு கிலோ கரி முற்றும் எரிந்தால் ஏறத்தாழ 7,000 கிலோகலோரி வெப்பம் தரும். ஒரு கிலோ சிலிண்டர் வாயு ஏறத்தாழ 11,000 கிலோகலோரி தரும். இந்த எண்களை மட்டும் பார்த்து வாயுவே சிக்கனம் என்று முடிவுகட்டுதல் கூடாது. ஆனால் வேறொரு காரணத்தால் அம்முடிவு பெரும்பாலும் சரியாகவே அமைகிறது. வாயுவைத் திருகினால் எரியும், மூடினால் அணையும். கரியோ அரைக் கிலோ கோழிக்கும் முழு அடுப்பு நிறையப் பற்றிக்கொண்டு, தயாராக அரைமணி நேரம் எடுத்து, உணவு வெந்த பின்னும் ஒரு மணிக்கு மேல் வீணே கனன்றுகொண்டிருக்கும். இருவர் உண்ணும் வீட்டில் இந்த வீண் மிகப் பெரிது. பதினைந்து பேர் கூடும் விருந்தில் அது பொருட்டாகாது.

சுவைக்கு வருவோம். கரியில் வாட்டிய உணவுக்குத் தனிச் சிறப்பு உண்டென்பது கற்பனையன்று. அதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். ஆனால் பலரும் முதலாவதாகக் கருதுவது அவற்றுள் மிகச் சிறியது.

முதற் காரணம் வெப்பம் செல்லும் முறை. கனன்று நிற்கும் தணல் ஒளியைப் போலவே வெப்பத்தையும் கதிராக வீசுகிறது. ஒரு பொருள் வீசும் கதிர் வெப்பம் அதன் தனிவெப்பநிலையின் நான்காம் மடியைப் பொறுத்தது என்பதை 1879-இல் ஸ்டெஃபான் கண்டார். தணல் 800 டிகிரி செல்சியஸ் என்றும், வாயு அடுப்பின் சுடருக்குமேல் உள்ள இரும்புத் தகடு 400 டிகிரி என்றும் கொள்வோம். தனிவெப்பநிலையில் இவை 1,073, 673. இரண்டின் விகிதத்தை நான்காம் மடிக்கு உயர்த்தினால் ஆறரை மடங்கு அளவு வருகிறது. வெப்பநிலை இரு மடங்காகத் தோன்றினும் கதிர் வெப்பம் ஆறு மடங்குக்கு மேலாகிவிடுகிறது! வாயுவின் நீலச் சுடர் சூடானதே. ஆயினும் அது கதிர் வீசுவது குறைவு. அதனால்தான் வாயு அடுப்புச் செய்வோர் சுடரின்மேல் தகடோ எரிமலைக் கல்லோ வைத்து, அதனைச் சூடேற்றி, அதன் வழியே உணவை வாட்டுகின்றனர். இறைச்சியின் மேற்பரப்பு விரைவில் சிவந்து மொறுமொறுப்பாக, உள்ளே சாறு வற்றாமலிருப்பது இந்தக் கதிர் வெப்பத்தின் கொடை.

இரண்டாவது நீராவி. புரொப்பேன் எரியும்போது கரியமிலவாயுவோடு நீரும் உண்டாகிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி வெளிப்படும். எரிந்த வாயுவைவிட அதிலிருந்து பிறக்கும் நீரின் எடை மிகுதி என்றால் முதலில் நம்பக் கடினமாயிருக்கும். காற்றிலிருந்து பிராணவாயு வந்து சேர்வதை மறந்துவிடுவதே காரணம். கரியில் ஹைட்ரஜன் பெரும்பாலும் மூட்டத்திலேயே போய்விட்டதால், தணலின் வெப்பம் உலர்ந்தது. உலர்ந்த வெப்பத்தில் மேற்பரப்பு விரைவில் காய்ந்து சிவக்கும். மூடி திறந்த அடுப்பில் நீராவி காற்றோடு போய்விடும். மூடிய அடுப்பில்தான் இவ்வேறுபாடு தெரியும்.

மூன்றாவது புகை மணம். இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். நன்கு வெந்து சாம்பல் பூத்த கரிக்குத் தன் மணம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. மரத்தின் மணப்பொருள்கள் எல்லாம் இராமநாதபுரத்து வானில் என்றோ கலந்துவிட்டன. நாம் கரி மணம் என்று புகழ்வது, இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பும் மசாலாச் சாறும் தணலில் விழுந்து புகைந்து, அப்புகை மீண்டும் இறைச்சிமேல் படிவதால் வருவது. வாயு அடுப்பின் சூடான தகட்டில் சொட்டினாலும் அது நிகழும். அளவில் சிறிது குறையும், அவ்வளவே. உண்மையான விறகு மணம் வேண்டுமானால், மரத்தின் லிக்னின் சிதைந்து குவையகால் முதலிய பொருள்கள் உண்டாக வேண்டும். அதற்குக் காய்ந்த மரத்துண்டு வேண்டும், கரி அன்று. மாமரச் செதில் ஒரு பிடியைத் தகரப் பெட்டியில் இட்டு, மூடியில் துளையிட்டு, வாயு அடுப்பின் தகட்டின்மேல் வைத்தால் இம்மணம் கிடைக்கும்.

கொழுப்புச் சொட்டாத உணவுக்கு இந்த மூன்றாம் காரணமே பெரும்பாலும் இல்லை. அடுகோடியில் பன்னீரைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1923-இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற பால்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1955-இல் கர்னாலுக்குப் பெயர்ந்த பின்னும், அதன் தென்மண்டல நிலையம் எங்கள் ஓசூர்ச் சாலையிலேயே நிலைத்துவிட்டது. பன்னீர், குடைமிளகாய், அன்னாசி, சோளக்கதிர் ஆகியவற்றை மட்டுமே வாட்டும் மரக்கறி வீட்டினர், மணத்துக்காகவென்று கரியடுப்பைச் சுமப்பதில் பெரும்பயன் இல்லை.

இதுவரை சொன்னவற்றைக் கூட்டிப் பார்த்தால், சுவையில் கரி சற்றே முந்தும். ஆனால் அந்த முந்துதல் நாம் நினைப்பதைவிடச் சிறிது. இப்போது தட்டின் மறுபக்கத்தை வைப்போம்.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்ற இளைஞர் சிலர், தங்கிய அறையினுள்ளே பார்பிக்யூ அடுப்பில் கோழியை வாட்டி உண்டனர். குளிர் மிகுந்த இரவு. தணல் அறையிலேயே இருந்தது. காலையில் அவர்களுள் இருவர் பிணமாகக் கிடந்தனர். எவரும் தீயில் வேகவில்லை, எதுவும் வெடிக்கவில்லை, அறையில் புகையும் இல்லை. கொன்றது கார்பன் மோனாக்சைடு.

இதனை நாம் சற்று நின்று கற்க வேண்டும். கரி எரியும்போது அடியில் காற்றுப் புகும் இடத்தில் கரியமிலவாயு உண்டாகிறது. அவ்வாயு மேலேறி வரும் வழியில் கனன்ற கரியின்மேல் பட்டு, அதிலிருந்து மேலும் ஒரு பங்கு கார்பனை எடுத்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. தணலின்மேல் சில வேளை மெல்லிய நீலச் சுடர் ஆடுவதைக் கண்டிருப்பீர்கள். அது இவ்வாயு எரிவதே. சாம்பல் மூடித் தணல் தணியத் தொடங்கியதும் அந்த நீலச் சுடர் மறைகிறது; வாயு எரியாமலேயே வெளியேறுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிப்பதில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேலான பற்றோடு இதனைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு சோர்வு, பிறகு உறக்கம். உண்டு களைத்தவனுக்கு இவை மூன்றும் இயல்பாகவே தோன்றுமாதலால் அவன் ஐயுறுவதே இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிலோ கரியில் 800 கிராம் கார்பன் என்க. அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 40 கிராம் மட்டும் மோனாக்சைடாக மாறுவதாகக் கொள்வோம்; உண்மையில் இதைவிட மிகுதியாகவே மாறக்கூடும். 40 கிராம் கார்பன் 93 கிராம் மோனாக்சைடு ஆகும். அதன் பருமன் ஏறத்தாழ 82 லிட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றும் மும்மூன்று மீட்டர் உள்ள அறையில் 27,000 லிட்டர் காற்று இருக்கும். கதவும் சன்னலும் அடைத்திருப்பின், அவ்வறைக் காற்றில் ஆயிரத்துக்கு மூன்று பங்கு இந்த நஞ்சு நிரம்பும். அத்தகைய காற்றை அரைமணி நேரம் சுவாசித்தால் உயிர் பிழைத்தல் அரிது. ஒரு கிலோ கரி என்பது கடையில் விற்கும் சிறு பையில் பாதிகூட இராது.

‘நாங்கள் அறைக்குள் எங்கே கரி மூட்டப் போகிறோம்? மாடியில்தான்’ என்று நண்பர்கள் சொல்வார்கள். அடுகோடியின் தெருக்களை அறிந்தவன் என்ற முறையில் இதற்கு நான் மறுமொழி சொல்ல வேண்டும். இங்கே ஒரு மனையில் நான்கைந்து குடித்தனம். ஒருபுறம் மட்டும் சன்னல் உள்ள வீடுகள் பல. மொட்டைமாடி பொதுவானது, அதிலும் பாதிக்குத் தகரக் கூரை போட்டு ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டிருப்பர். பெங்களூரில் மே மாதத்து மாலைகளிலும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் சொல்லாமல் கொள்ளாமல் மழை கொட்டும். பாதி வெந்த கோழியோடு மழையில் நனைய யார்தான் விரும்புவர்? அடுப்பை அப்படியே தூக்கிக் கூரைக்கு அடியிலோ, படிக்கட்டு முகப்பிலோ, வீட்டுக்குள்ளோ கொண்டு வைப்பர். டிசம்பர் இரவில் குளிர்காயவென்று வைத்துக்கொள்வாரும் உண்டு. கரியடுப்பின் தீங்கு அது மூட்டப்படும் இடத்தில் இல்லை. பாதியில் அது எங்கே நகர்த்தப்படும் என்பதில் இருக்கிறது. ஆகவே ஒரு வீட்டுக்குக் கரியடுப்பு ஏற்குமா என்று அறிய நான் கேட்கும் கேள்வி இது: நடுவில் மழை வந்தால் உணவை மட்டும் எடுத்துக்கொண்டு அடுப்பை மழையிலேயே விட்டுவர முடியுமா? முடியும் என்போர் கரியடுப்பு வாங்கலாம். முடியாது என்போர்க்கு அது வேண்டாம். பால்கனி மூன்று புறமும் சுவர் உள்ளதாயின் அதனை அறையென்றே கருதுக.

வாயு அடுப்புக்குத் தீங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதன் தீங்கு தன்னை அறிவித்துக்கொள்ளும். வாயுவுக்கு இயல்பில் மணமில்லாமையால், கசிந்தால் தெரியவேண்டுமென்றே எதில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்த்து விடுகின்றனர். புரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரு மடங்கும் கனமானவை. கசிந்த வாயு மேலே போகாது, தரையில் தவழ்ந்து படிக்கட்டு வழியே இறங்கிக் கீழ்வீட்டில் தேங்கும். சிலிண்டரை நிமிர்த்தியே வைத்தல், ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுதல், இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தல், அடுப்பின் மூடியைத் திறந்துவைத்தே தீப்பெட்டி உரசுதல் ஆகியவை போதும். வாயு அடுப்பையும் அடைத்த அறைக்குள் மூட்டலாகாது.

இங்கே வாங்குவோர் பலர் அறியாத ஒரு நுட்பம் உண்டு. வாயு அடுப்பின் உயிர், வாயு பீறிடும் சிறு துளையில் இருக்கிறது. அதனை ஜெட் என்பர். ஒரு கன மீட்டர் புரொப்பேன் தரும் வெப்பம், அதே பருமனுள்ள இயற்கை வாயு தருவதைப்போல் இரண்டரை மடங்கு அளவு. ஆதலின் சிலிண்டருக்கென்று துளையிட்ட அடுப்பைக் குழாய் வாயுவில் இணைத்தால் சுடர் நோஞ்சானாக எரியும். குழாய் வாயுவுக்கென்று துளையிட்டதைச் சிலிண்டரில் இணைத்தாலோ தீ சீறிப் பாய்ந்து, அரைகுறையாக எரிந்து, கரியடுப்பில் கண்ட அதே மோனாக்சைடைக் கக்கும். உங்கள் வீட்டுக்கு வருவது எந்த வாயு என்பதைச் சொல்லி, அதற்குரிய ஜெட் உள்ளதா என்று கேட்டே வாங்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த அடுப்பின் ரெகுலேட்டர் நம் சிலிண்டரின் வாயில் பொருந்துவதும் இல்லை. ஒரு சிறு துளையின் அளவில் இத்தனை இருக்கிறதா என்று வியப்போர், 1951-இல் தொடங்கப்பெற்ற மைக்கோ நிறுவனத்தின் அடுகோடி ஆலையை நினைத்துக்கொள்ளலாம். டீசல் எஞ்சினுக்கு எண்ணெய் பீச்சும் கருவிகளைச் செய்து வந்த அந்நிறுவனத்தில், மயிரிழை பிசகினாலும் பண்டம் தள்ளுபடி. அதன் பெயர் 2008-இல் பாஷ் என்று மாறிற்று. பழைய ஆலையின் இடத்தில் இப்போது இருப்பது தொழில்நுட்ப வளாகம். மைக்கோவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் இன்னும் எங்கள் தெருக்களில் இருக்கின்றனர். ஜெட்டைப் பற்றி அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மாலை முழுதும் போய்விடும்.

உடல்நலம் பற்றியும் ஒரு சொல். கொழுப்பு தீயில் விழுந்து எழும் புகையில் பென்சோபைரீன் முதலிய நஞ்சுகள் உண்டு. கருகிய பகுதியிலும் வேறு சில உண்டாகின்றன. இவை புற்றுநோய்க்கு வித்தாகலாம் என்பது அறிவியலார் கருத்து. இதில் கரி சற்று மிகுதியாகக் குற்றவாளி. ஆயினும் கருக விட்டால் வாயு அடுப்பிலும் இதே கதைதான். கொழுப்பை முன்னரே அரிந்து நீக்குவதும், தீ எழும்பினால் இறைச்சியை ஓரத்திற்கு நகர்த்துவதும், அடிக்கடி புரட்டுவதும், கருகியதைச் சீவி எறிவதும் வேண்டும்.

ஆகவே என்னைக் கேட்ட நண்பர்களுள், தனி வீடும் திறந்த முற்றமும் உடையவர், திங்களுக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து பேரைக் கூட்டி விருந்து வைப்பவர், கரியடுப்பே வாங்கட்டும் என்றேன். அடுகோடி, கோரமங்களா, வில்சன் கார்டன் பக்கங்களில் அடுக்கு வீட்டில் இருப்பவர்க்கும், வாரநாள் மாலையில் இருவருக்காக வாட்டுபவர்க்கும் வாயு அடுப்பு. பணம் மிகுதியாகச் செலவழிக்க விரும்பாதவர் பார்பிக்யூ அடுப்பே வாங்க வேண்டுவதில்லை. வரி வரியாக மேடுள்ள கனத்த வார்ப்பிரும்புக் கல் ஒன்று இருந்தால், சமையலறைச் சன்னலைத் திறந்துவைத்து இருக்கும் வாயு அடுப்பிலேயே நன்கு வாட்டலாம். இஸ்திரி வண்டிக்காரர்கள்கூடப் பலர் கரிப்பெட்டியை விட்டு வாயுப்பெட்டிக்கு மாறிவிட்டனர் என்பதை ஒருவர் எடுத்துச் சொன்னார். சட்டைக்கு மணம் வேண்டியதில்லை என்று மற்றவர் விடை சொன்னார். அது சரியான விடையே.

மணத்தை விடமுடியாதவர்க்கு வடநாட்டுச் சமையற்காரர் கையாளும் ‘துங்கார்’ முறை உதவும். வாயுவில் வாட்டிய துண்டுகளைப் பாத்திரத்தில் இட்டு, நடுவே ஒரு சிறு கிண்ணம் வைக்க வேண்டும். எலுமிச்சை அளவுள்ள ஒரே ஒரு கரித்துண்டை அடுப்புச் சுடரிலேயே இடுக்கியால் பிடித்துக் கனல வைத்து, கிண்ணத்தில் இட்டு, அதன்மேல் அரைத் தேக்கரண்டி நெய் ஊற்றி, உடனே மூடிவிடுக. நெய் தணலில் புகைந்து உணவில் மணம் ஏறும். நான்கு நிமிடம் போதும். கரியில் சொட்டும் கொழுப்பு செய்யும் வேலையை நெய் செய்கிறது. ஒரு கிலோ கரிக்குப் பதிலாக இருபது முப்பது கிராம் கரிதான் எரிந்திருக்கும். சன்னல் திறந்திருக்க வேண்டும் என்பதை இங்கும் மறவற்க. மணம் ஏறியதும் துண்டை எடுத்து நீரில் போட்டுவிடுக.

கரியடுப்பே வாங்குவோர், பற்றவைப்பதற்கு மண்ணெண்ணெய் ஊற்றாதிருப்பது நல்லது. அந்நாற்றம் கோழியை விட்டுப் போகாது. இருபுறமும் திறந்த தகர டின் ஒன்றின் அடிப்பக்கத்தில் சுற்றிலும் துளையிட்டு, அடியில் கசக்கிய காகிதமும் இரண்டு தேங்காய்ச் சிரட்டையும் மேலே கரியும் இட்டுக் கொளுத்தினால், புகைபோக்கியைப்போல் காற்றை இழுத்துக்கொண்டு இருபது முப்பது நிமிடத்தில் எல்லாக் கரியும் சாம்பல் பூத்துவிடும். பூக்குமுன் இறைச்சியை வைக்க அவசரப்படுவோரே புகை நாறுகிறது என்று குறைகூறுவர். தணலை ஒருபுறம் குவித்து மறுபுறம் வெறுமையாக விட்டால், சிவப்பதற்கு ஒரு பக்கமும் உள்ளே வேகுவதற்கு ஒரு பக்கமும் கிடைக்கும்.

உண்டு முடித்தபின் காற்றுத் துளைகளை அடைத்து மூடிபோட்டால் தணல் மெல்ல அவியும். முழுதும் குளிர ஒரு நாள் ஆகலாம். அதுவரை அடுப்பு வெளியிலேயே நிற்கட்டும். மீந்த கரியை நீரில் அவித்து வெயிலில் காயவைத்து மறுமுறை பயன்படுத்தலாம். நம் பாட்டிமார் அவ்வாறே செய்தனர். சாம்பலைப் பிளாஸ்டிக் கூடையில் கொட்டாமல் இரும்பு வாளியில் கொட்டி, அவ்வாளியைப் படிக்கட்டுக்கு அடியிலோ வீட்டுக்குள்ளோ வைக்காமல், வானம் தெரியும் இடத்தில் விடுக. மேலே குளிர்ந்து வெளுத்துக் கிடக்கும் சாம்பலின் உள்ளே மறுநாள் நண்பகலிலும் ஒரு கங்கு இருக்கக்கூடும்.